நெல்வயலுக்கு அடியில் ஒரு கடல்

1

கண் புரையை எடுத்துக்கொள்ளப் போன இடத்தில் என்னை எழுத்தாளனாக்கிவிட்டார்கள். பெயர் பதிகிற மேசையில் இருந்த மலாய்ப் பெண் என்ன தொழில் என்று கேட்டாள். ஓவியனுக்கு மலாயில் 'பெலுகிஸ்' என்று பெயர். முன்பல் போன வாயால் நான் சொன்னது அவள் காதில் 'பெனுலிஸ்' என்று விழுந்துவிட்டது. அது எழுத்தாளன். என் மகன் திருத்தப் போனான். அந்த மேசை இந்த மேசையைக் காட்டியது, இந்த மேசை மாடியைக் காட்டியது, மாடியில் இருக்க வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். விடடா என்றேன். எழுத்தாளனாகப் படுத்து எழுத்தாளனாகவே கண் திறந்தேன். ஆகவே என் ஊரான மன்னார்குடிப் பக்கத்தில் யாராவது இதை வாசிக்க நேர்ந்தால் குற்றம் முழுக்க என்னுடையதல்ல.

கட்டு அவிழ்த்த வாரத்திலேயே எங்கள் கல்யாண நாள் வந்தது. மகன் பாயான் பாருவில் வீடு வாங்கியிருக்கிறான். பக்கத்துத் தொழிற்சாலையில் நகத்தைவிடச் சிறிய மின் சில்லுகளைச் சோதிக்கிற வேலை. கெரேத்தாவைக் கொண்டுவந்து என்னையும் என் மனைவி மங்கையையும் ஏற்றிக்கொண்டு போனான். காருக்கு இங்கே அதுதான் பெயர். நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கும் அது தமிழாகிவிட்டது.

பேத்தி கவிதா பென்சிலும் கையுமாகக் காத்திருந்தாள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம். அரிசி கிடைக்காத அந்த நாளில் அதுதான் சோறு என்பதால், நான் வாய் திறப்பதற்கு முன்பே 'மரவள்ளிக்கிழங்கு' என்று தலைப்பு எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

"தாத்தா, அந்த டைம்ல நீங்க டெய்லி அழுதீங்களா?"

"அழுதோம். ஆனா எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது சிரிச்சதுதான்."

"அது எப்படிலா? டீச்சர் அப்படிச் சொல்லலையே."

சொல்ல முயன்றேன். 'படுதா' என்ற சொல்லிலேயே வண்டி நின்றுவிட்டது. என் தமிழில் பாதி அவளுக்குத் தெரியாது, அவள் இங்கிலீஷில் முக்கால்வாசி எனக்குத் தெரியாது. நடுவில் மகன் மொழிபெயர்த்தான். அவன் மொழிபெயர்ப்பில் சிரிப்பான இடங்கள் எல்லாம் எங்கோ வழியில் இறங்கிக்கொண்டன. கடைசியில் அவள் கிழங்கைப் பற்றியே எழுதி முடித்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போனாள். நல்ல குழந்தை. அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

2

நான் நாடகப் படுதா எழுதுகிறவன். மேடைக்குப் பின்னால் மூங்கிலில் சுருட்டித் தொங்கவிடுவார்களே, அந்தப் பெரிய சீலை. அரண்மனைக் காட்சிக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. ஒரு நாடகக் கம்பெனியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

நான் எழுதிய காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடது பக்கம் ஓர் ஆலமரம், வலது பக்கம் ஓர் அருவி, நடுவில் இரண்டு மான். தஞ்சாவூரிலிருந்து கொழும்பு வரைக்கும் எங்கள் கம்பெனிக்கு அதுதான் காடு. அதை எழுதிய நான் ஒரு காட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் காட்டைப் பார்த்தவரில்லை என்றே நினைக்கிறேன். மக்கள் மான்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

பினாங்கில் எனக்கு மலேரியா கண்டது. கம்பெனி என்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஈப்போ, கோலாலம்பூர் என்று போய், சிங்கப்பூரில் கப்பல் பிடித்து ஊர் திரும்பிவிட்டது. அடுத்த கப்பலில் வா என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த கப்பல் வரவில்லை. சண்டை வந்தது. கம்பெனி எனக்காக விட்டுப்போனவை இரண்டு: ஓரம் கிழிந்த அரண்மனைப் படுதா ஒன்று, எந்தப் பெட்டியிலும் அடங்காத பொய்க்கால் குதிரைக் கூடு ஒன்று.

பினாங்கு நகரமான ஜார்ஜ் டவுனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த காலையைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற சனங்கள் மீதே விழுந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கடைத்தெருவில் மளிகைக்கடையில் வேலை செய்த தவமணி அண்ணன்தான் என்னைக் காப்பாற்றினார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்வரிசையில் உட்கார்ந்து வசனத்தை எங்களுக்கு முன்பே சொல்கிறவர். கடைக் கைவண்டியில் என்னை உட்கார வைத்து, படுதாவை மடியில் வைத்து, குதிரையை உச்சியில் கட்டி, ஆயர் ஈத்தாம் வரை தள்ளிக்கொண்டு போனார். பானையும் பாயுமாக ஓடிக்கொண்டிருந்த சனங்கள் அந்த நிலையிலும் குதிரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

3

ஆயர் ஈத்தாம் மலையடிவாரம். நகரத்திலிருந்து ஓடியவர்கள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கினார்கள். தவமணி அண்ணன் மளிகை கொடுத்துப் பழகிய ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் முன்பே அங்கே ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியேறியிருந்தது. வீட்டின் பக்கத்தில் கூரையை இறக்கிக் கட்டிய சாய்ப்பில் எங்கள் இருவருக்கும் இடம் கொடுத்தார்கள்.

வீட்டுக்காரர் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். இங்கே எழுத்தரைக் கிராணி என்பார்கள். அவரை ஊரே கிராணியார் என்றுதான் அழைத்தது. கோண்டாவில்காரர். கழுத்துப் பொத்தானைப் போடாமல் வாசலில் நிற்க மாட்டார். வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்ததும் அதே நாற்காலிக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். வேலையோடு ஜப்பானிய மொழியும் படித்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. ஐம்பது வயதில் அவர் விளக்கடியில் உட்கார்ந்து சொற்களை உருப்போடுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைத் துணைக்கு வைத்துக்கொள்வது அவர் வழக்கம். கடலுக்கு ஜப்பானில் 'உமி'. குதிரைக்கு 'உமா'. "உமி கடல், உமா குதிரை" என்று அவர் சொல்லிக்கொள்வதைச் சாய்ப்பில் படுத்தபடி கேட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒரே மகள், மங்கையர்க்கரசி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காய்ச்சல் தெளிந்து, சும்மா இருக்க முடியாமல் சாய்ப்புச் சுவரில் கரியால் என் பழைய காட்டை எழுதிக்கொண்டிருந்தேன். கஞ்சிக் கோப்பையை வைக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"உங்கட காட்டில மழையே பெய்யிறேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம். மறுநாள் விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் மலையில் ஏறினேன், அவள் சொன்னது தப்பு என்று நிரூபிக்க. அரை மணி நேரம் நடந்திருப்பேன். அவள் சொன்னது சரி. அந்தக் காட்டில் எல்லாமே நனைந்திருந்தது. மரத்தண்டில் பாசி, பாசியின் மேல் பெரணி, பெரணி நுனியில் தண்ணீர். பச்சை என்று நான் ஒரு பாத்திரத்தில் கலந்து வைக்கிற நிறத்தை அங்கே தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. கறுப்பாக ஒரு பச்சை, பாலாக ஒரு பச்சை, வெயில் பட்டால் மஞ்சளாகிவிடுகிற ஒன்று. மான் எதுவும் இல்லை. ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. கீழே ஜார்ஜ் டவுன் கூரைகள், அதற்கப்பால் கடல், கடலுக்கு அக்கரையில் கெடா மலை நீலமாக. பசியும் பயமும் இருந்த காலம். அதையெல்லாம் மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடலைக் கடந்து வந்தவன் கடலை அன்றுதான் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? கப்பலில் வந்தபோது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் படுதாக்காரன் இல்லை. கண்ணால் கண்டதை எழுதுகிறவன் ஆனேன். சாயத்துக்குச் செங்கல் பொடி, மஞ்சள், அடுப்புக்கரி, சுண்ணாம்பு. நீலத்துக்குத் துணிக்குப் போடுகிற சலவை நீலம். நிறத்தைத் துணியில் பிடிக்க வச்சிரப் பசை வேண்டும். அது கிடைக்காததால் மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் கலந்தேன். சாக்குத்துணி, பலகை, தகரம் எதையும் விடவில்லை. பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டித் துண்டுகளை மங்கை எனக்காகச் சேர்த்துக் கொண்டுவந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இந்த இடத்தில காத்து வீசேல்லை" என்பாள். நான் மறுபடி மலையேறுவேன். சில மாதங்களில், நான் மலையேறுவது படத்துக்காகவா, திரும்பி வந்து அவளிடம் காட்டுவதற்காகவா என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

4

இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே வானம் அசாத்திய நீலமாக இருக்கிறது. புரை எடுத்தபின் எனக்குத் திரும்பக் கிடைத்த நிறம் அது. கடந்த சில வருடங்களாக நான் எழுதிய படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் கடல், மலை, வானம் எல்லாம் சாம்பார் நிறத்தில் இருக்கின்றன. ஊரிலிருந்து வந்தவர்கள் "பினாங்கின் பொன்னொளி" என்று பாராட்டி வாங்கிப் போனார்கள். மகனுக்குத் தெரியும், சொல்லவில்லை. மங்கைக்கும் தெரியும், அவளும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கேட்டேன். "உங்களுக்கு வயசு போட்டுது, பாவம் எண்டு விட்டனான்" என்றாள். அந்தப் பாவம் எனக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் பழையபடி குறை சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் செய்திருக்கிறோம்.

சிரித்ததைச் சொல்கிறேன் என்பதற்காக மற்றதை மறைத்ததாக இருக்கக் கூடாது. அக்கரையில் பத்து காவான் என்கிற தோட்டத்திலிருந்து, சாய்ப்பில் எங்களோடு உட்கார்ந்து பாட வருகிற ஒருவர் இருந்தார். சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டு போனபோது அவரும் போனார். திரும்பி வரவில்லை. அவரைப் போல எத்தனையோ தமிழர்கள். கவிதாவின் பள்ளிக்கூடக் கட்டுரையில் அவருக்கு ஒரு வரி இருக்க வேண்டும் என்று அவளைத் திரும்பக் கூப்பிட்டு எழுத வைத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் அவள் தன் அப்பாவிடம் கேட்காமல், தானாகத் தமிழில் எழுதினாள். எழுத்துப்பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.

5

இனி நாடகம். ஜப்பான்காரன் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, பொங்கலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவமணி அண்ணன் தொடங்கினார். "எவ்ளோ நாளைக்குத்தான் தம்பி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே இருக்கிறது" என்பது அவர் வாதம். மங்கை கதை எழுதினாள். ஒரு தீவின் இளவரசி ஒரு மீனவனை விரும்புகிற கதை. மீனவன் தவமணி அண்ணன். குடும்பப் பெண்கள் மேடை ஏறுவது அப்போது வழக்கமில்லை. இளவரசி, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் ஒல்லியான நண்பர். மங்கை திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பாள். விளக்குக்கு எண்ணெய் கிடையாது, இரவில் வெளிச்சமும் கூடாது. ஆகவே பிற்பகலில், கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில்.

படுதா என் பொறுப்பு. கம்பெனியின் கிழிந்த அரண்மனையை ஆற்றில் துவைத்து, மலைமேலிருந்து கண்ட காட்சியை அப்படியே பெரிதாக எழுதினேன். கூரைகள், கடல், துறைமுகத்தில் இரண்டு கப்பல், கெடா மலை. அது வரைக்கும் அவ்வளவு பெரிதாக நான் எதையும் சந்தோஷமாக எழுதியதில்லை. முடிந்ததும் மங்கை வந்து பார்த்தாள். குறை சொல்ல எதையோ தேடினாள். ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை தன் அம்மாவிடம், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டாளாம். அம்மா கிராணியாரிடம் சொல்ல, அவர் கேட்டுவிட்டு ஜப்பானியச் சொற்களை உருப்போடப் போய்விட்டாராம். தமிழ்நாட்டுக்காரன், கூத்தாடிகளோடு வந்தவன், உத்தியோகமில்லாதவன். அவர் கணக்கில் இந்த மூன்றும் இருந்தன.

அனுமதிக்கு விண்ணப்பம் போட்டோம். கதைச் சுருக்கம், நடிகர் பெயர், உடைகள், கொட்டகையின் நீள அகலம் எல்லாம் கேட்டார்கள். முத்திரை போட ஒரு ஜப்பானிய அதிகாரி நேரில் வந்தார், கிராணியார் பின்னால் மொழிபெயர்க்க. பருத்த மனிதர், சதா கிராம்பு மென்றுகொண்டிருப்பார். படுதாவை அவிழ்த்துக் காட்டினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் துறைமுகத்தையும் கப்பல்களையும் பார்த்தார். எழுதியது யார் என்று கேட்டார். நான் முன்னால் வந்தேன். கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

துறைமுகத்தைப் படம் எழுதுவது ஒற்றன் வேலை என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. அதற்குத் தலையே போகலாம் என்று பிறகு சொன்னார்கள். கிராணியார் குனிந்து குனிந்து என்னவெல்லாமோ சொன்னார். கடைசியில் தீர்ப்பு: நாடகம் நடக்கலாம், கடல் இருக்கக் கூடாது. மறுநாள் தானே முன்வரிசையில் வந்து உட்காருவதாகவும் அதிகாரி சொன்னார்.

அவர் போனபின் கிராணியார் என்னிடம் திரும்பினார்.

"தம்பி, இது பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு. உம்மட படத்தால எங்கள் எல்லாரையும் கொண்டுபோயிருப்பாங்கள். நாடகம் முடிய நீர் வேற இடம் பாரும்."

சரி ஐயா என்றேன். வெயில் இருக்கும்போதே உட்கார்ந்து கடலின் மேல் சுண்ணாம்பு அடித்து, மஞ்சளும் இலைச்சாறும் கலந்து, எனக்கு மனப்பாடமான ஒன்றை எழுதினேன். மன்னார்குடி நெல்வயல். அக்கரை மலைக்கும் ஜார்ஜ் டவுன் கூரைகளுக்கும் நடுவே அது பச்சைப்பசேலென்று கிடந்தது.

6

கொட்டகை நிறைந்துவிட்டது. மரத்தின் மேலும் ஆட்கள். முன்வரிசையில் கிராம்பு மென்றபடி அதிகாரி, பக்கத்தில் பொத்தான் போட்ட கிராணியார். பக்கத்திரைக்குப் பின்னால் நானும் மங்கையும்.

படுதா இறங்கியது. தவமணி அண்ணன் துடுப்போடு தோணியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கரை காணாத நெல்வயல். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"நேத்து தோணிய இங்கதானே கெட்டிப் போட்டேன்," என்றார். "எவன்டா கடலுல நாத்து நட்டது?"

மங்கை எழுதாத வசனம் அது. பிறகு எங்கோ ஒரு பெண் சிரித்தாள். அடுத்து ஒரு வரிசை. அதற்கப்புறம் கொட்டகை முழுக்க. முதல்நாள் நடந்தது ஊருக்கே தெரியும். வயலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியும். வருடக்கணக்காக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. கண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவரும் லேசாகச் சிரித்தார்.

அப்போதுதான் அது உதிரத் தொடங்கியது. அவசரத்தில் அடித்த சுண்ணாம்பு, கிழங்குப் பசை, சுருட்டி விரித்த துணி, பிற்பகல் வெயில். முதலில் ஒரு நகத்தளவு. பிறகு உள்ளங்கை அளவு. நெல்வயலின் நடுவில் சலவை நீலம் தெரிந்தது. அதில் ஒரு கப்பலின் மூக்கும் எட்டிப் பார்த்தது. சிரிப்பு நின்றுவிட்டது. மங்கை என் கையைப் பிடித்தாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல்முறை.

அதிகாரி விரலை நீட்டிக் கிராணியாரிடம் ஏதோ கேட்டார். கிராணியார் எழுந்து நின்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். இளவரசி வேண்டிக்கொண்டால் கடல் வரும், இது கதையில் வருகிற அற்புதம் என்று சொல்ல நினைத்தாராம். ஆனால் பயத்தில் வாய் உலர்ந்தவனுக்கு உமியா நினைவுக்கு வரும்? அம்பாள் பெயர்தான் வந்தது. இளவரசி வேண்டிக்கொண்டாள், இதோ உமா வருகிறது என்று சொல்லிவிட்டார். குதிரை வருகிறது என்று.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உமா?" என்றார். முகம் முழுக்க மாறிவிட்டது. கடிவாளம் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினார். குதிரை வளர்க்கிற ஊரில் பிறந்தவர் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் கிராணியாருக்குத் தான் சொன்னது உறைத்தது.

அடுத்த நிமிடம் அவர் பக்கத்திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மேடைக்குப் பின்னால் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர். கழுத்துப் பொத்தான் அவிழ்ந்து கிடந்தது.

"தம்பி, உம்மட்டை ஒரு குதிரை இருந்ததெல்லோ?"

"இருக்கு ஐயா."

"போட்டுக்கொண்டு வாரும். நீலம் தெரியிற இடத்துக்கு முன்னால நில்லும். என்ன நடந்தாலும் விலகாதையும்."

மேடையில் நடிக்க எனக்கு வராது. அதனால்தான் தூரிகை பிடித்தேன். ஆனால் யோசிக்க நேரமில்லை. மங்கை நாடாக்களை இழுத்துக் கட்டினாள். அதே வேகத்தில் திரைக்கு இந்தப் பக்கமிருந்து இளவரசிக்குப் புது வசனம் சொன்னாள்: "அதோ, என் தந்தையிடமிருந்து தூதன் குதிரையில் வருகிறான்." தபால்கார இளவரசி பாவம், திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டது நடிப்பில்லை.

நான் போய்க் கப்பலின் மூக்கை மறைத்துக்கொண்டு நின்றேன். அதிகாரி கைதட்டினார். ஓடு என்று சைகை காட்டினார். ஓடினால் பின்னால் துறைமுகம் தெரியும். நின்ற இடத்திலேயே ஓடினேன். குதித்தேன், கனைத்தேன், முன்கால் தூக்கினேன். என் தலையிலும் குதிரையின் தலையிலும் மன்னார்குடி வயல் செதில் செதிலாக விழுந்துகொண்டிருந்தது. தவமணி அண்ணன் தோணியை விட்டிறங்கி வந்து, ரொம்ப அக்கறையாக, உதிர்ந்ததைப் பொறுக்கிக் குதிரைக்குத் தீவனம் போலக் காட்டினார். சனங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

குதிரை ஏன் ஓரடிகூட முன்னால் போகவில்லை என்று அதிகாரி கேட்டிருக்கிறார். தன் இடத்துக்குத் திரும்பியிருந்த கிராணியார் இந்த முறை நிதானமாகச் சொற்களைத் தேடி எடுத்துச் சொன்னார்: அதற்குப் பசி.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்ததில் கிராம்பு தெறித்து விழுந்தது. படுதாவைச் சுருட்டும் வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நாடகம் முடிந்ததும் அதிகாரி எழுந்து போனார். மறுநாள் ஒரு சிப்பாய் சைக்கிளில் வந்து, குதிரைக்கு என்று சொல்லி ஒரு மூட்டையைப் போட்டுவிட்டுப் போனான். தவிடு, சலித்துப் பார்த்தால் பாதி குருணை அரிசி. மங்கையின் அம்மா அதைக் கஞ்சியாகவும் கொழுக்கட்டையாகவும் ஆக்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். அந்த அதிகாரி நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அறைந்ததும் அவர்தான், தவிடு அனுப்பியதும் அவர்தான். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கொழுக்கட்டை நன்றாக இருந்தது.

7

நான் மூட்டை கட்டி வைத்திருந்தேன். வேறு இடம் பார் என்று சொன்னவர் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் வேலையிலிருந்து வந்தவர் சாய்ப்பு வாசலில் நின்றார்.

"தம்பி, இந்த வீட்டை ஒருக்காக் கீறித் தாரும். சண்டை முடிஞ்சு தபால் திறந்த உடனே கோண்டாவிலுக்கு அண்ணைக்கு அனுப்பவேணும். நாங்கள் எங்க இருந்தம் எண்டு அவர் பார்க்கட்டும்."

யாழ்ப்பாணத்தில் படம் எழுதுவதைக் கீறுவது என்பார்கள். ஒரு தேக்குப் பலகையை இழைத்து எடுத்துத் தொடங்கினேன். கிழங்குப் பசையை நம்பவில்லை. தவமணி அண்ணன் எங்கிருந்தோ ஒரு கட்டி வச்சிரம் கொண்டுவந்தார். பலகை வீடு, பின்னால் நனைந்த காடு, முன்னால் ரம்புத்தான் மரம். கிராணியார் கேட்டுக்கொண்டபடி வீட்டு ஆட்களையும் வைத்தேன். நாற்காலியில் அவர், படியில் மங்கையின் அம்மா, மரத்தடியில் மங்கை. அவள் முகத்தை எழுத எனக்கு அவளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

முடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். படத்தில் தன் கழுத்துப் பொத்தான் போட்டிருக்கிறதா என்று சரிபார்த்தார், போட்டிருந்தேன்.

"எல்லாம் சரி. ஒராள் குறையுது," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. வீட்டில் ஒரு பூனை இருந்தது. பூனையையும் போடவா ஐயா என்று கேட்டேன்.

"பூனை இல்லை. கீறினவர்."

அன்று மாலையே வேலி ஓரத்தில், விறகுக் கட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவில் என்னை எழுதி வைத்தேன். மறுநாள் வந்து பார்த்தவர் தலையை ஆட்டினார்.

"அங்க நிண்டால் ஆர் இந்த ஆள் எண்டு அண்ணை கேட்பார். கிட்டப் போய் நில்லும்."

உள்ளே மங்கை அடக்கமாட்டாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேலியோரத்து ஆளைச் சுரண்டி எடுத்துவிட்டு, ரம்புத்தான் மரத்தடியில் அவளுக்குப் பக்கத்தில், தோளுக்குத் தோள் உரசாத அளவுக்கு இடம் விட்டு என்னை எழுதினேன். கிராணியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஓம். இப்ப சரி," என்றார். பிறகு உள்ளே போய், நல்ல நாள் ஒன்று பார்க்கும்படி மங்கையின் அம்மாவிடம் சொன்னார்.